கதையில் பிரிந்த குழு மேசையிலும் பிரிய வேண்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு பிற்பகலில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. ஆட்டக்காரர்கள் ஆறு பேர்; கதையை நடத்தும் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) நான். கதையில் மூவர் நகரத் தலைவரிடம் பேரம் பேசப் போயிருக்கிறார்கள். மற்ற மூவர் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு குகைக்குள் இறங்கிவிட்டார்கள். ஒரு பாதி ஆடும்போது மறு பாதி கைப்பேசியில் மூழ்கிவிடுகிறது. இப்போது வாட்ஸ்அப் குழுவும் இரண்டாகிவிட்டது. சண்டையை விரும்பும் மூவருக்குத் தனியாகக் கட்டண மேசை, அதாவது காசு வாங்கிக்கொண்டு ஆட்டம், நடத்தித் தருவதாக ஒருவர் சொல்ல, அவர்களும் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். நானே குழுவை இரண்டாகப் பிரித்துவிடலாமா? – செந்தூல் வாசகர், கோலாலம்பூர்.

பதில்: பிரிக்க வேண்டாம். கதாபாத்திரங்கள் பிரிந்தது முதலில் நடந்தது; அதைக் கையாளத் தெரியாமல் போனதால் ஆட்டக்காரர்களும் பிரிந்தார்கள். முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

சிக்கலின் வேர் நேரக் கணக்கில் இருக்கிறது. இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, சண்டையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஏறத்தாழ 6 வினாடி. குகையில் நான்கு சுற்று நடந்தால் கதையில் 24 வினாடிதான் ஓடியிருக்கும். மேசையிலோ, பகடை உருட்டி, கூட்டிக் கழித்து, மந்திரத்தின் விவரத்தைப் புத்தகத்தில் தேடி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த 24 வினாடியில் நகரத் தலைவரின் மண்டபத்தில் இருப்பவர்கள் வணக்கம் சொல்லி உட்கார்ந்திருக்கக்கூட மாட்டார்கள். இரண்டு இடங்களையும் கதையின் கடிகாரப்படியே ஓட்ட வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், பேரம் பேசப் போன மூவரும் மாலை முழுவதும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மூன்று தடித்த நூல்களை வாங்கச் சொல்லும் ஒரு விளையாட்டு, கத்தி வீச்சை வினாடிக் கணக்கில் அளக்கும் அக்கறையில் பாதியையாவது மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பவர் மீது காட்டியிருக்கலாம்.

ஆகவே கதையின் கடிகாரத்தை மறந்துவிட்டு மேசையின் கடிகாரத்தைப் பாருங்கள். கைப்பேசியில் 10 நிமிடம் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் மறு பக்கத்துக்கு மாறுங்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நகரத் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார், பதில் இன்னும் வரவில்லை என்னும்போது நிறுத்துங்கள். குகையில் கடத்தல்காரன் வாளை ஓங்கிவிட்டான், இருபது முகப் பகடை இன்னும் கையைவிட்டு உருளவில்லை என்னும்போது நிறுத்துங்கள். தங்கள் முறை திரும்பி வரும்வரை அவர்கள் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்; கைப்பேசியைத் தேட மாட்டார்கள்.

காத்திருப்பவர்களுக்கு வேலையும் கொடுங்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஒருவனே காவலனாகவும் தூதனாகவும் வந்துபோவதைப் போல, நகரத் தலைவரின் கணக்கர், வாயிற்காவலர், எரிச்சல் பிடித்த மைத்துனர் ஆகியோரைக் குகைக் குழுவினரிடம் ஒப்படைத்துவிடுங்கள். குகையில் வரும் எதிரிகளுக்குப் பேச்சுக் குழுவினர் பகடை உருட்டட்டும். ஒரு பக்கத்து ரகசியம் மறு பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். வெளியே போனவர் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று, ஆறு பேருக்காகத் தயாரித்த குகையில் மூவர் மட்டும் இறங்கியிருக்கிறார்கள். எதிரிகளின் எண்ணிக்கையையே பாதியாகக் குறையுங்கள். ஒவ்வோர் எதிரியும் சுற்றுக்கு ஒரு முறையாவது தாக்குவான் என்பதால், எவ்வளவு அடி தாங்குவான் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளியை மட்டும் குறைத்தால் போதாது.

பிரிப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அது வேலை நேரம். ஆறு பேரில் சிலர் மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ சுழல்முறை வேலையில் இருந்து, எந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாரும் சேர முடியவில்லை என்றால், ஒரே உலகத்தில் இரண்டு மேசைகளை நடத்தலாம். விருப்பம் வேறு, ரசனை வேறு என்பதெல்லாம் இதில் சேராது; நேரம் ஒத்துவராதது மட்டுமே சேரும். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் பத்துமலைத் தொண்டுக்குப் போகிறவர்களுக்காகப் பிரிப்பதும் சேராது. அதற்கு ஆட்டத்தை ஒத்திவைத்தாலே போதும். இரண்டு மேசையாகப் பிரித்தால் கதைக்குள் நாட்காட்டி கட்டாயம். முதல் மேசை ஐந்தாம் நாள் ஆற்றுப் பாலத்தை எரித்துவிட்டால், இரண்டாம் மேசை ஏழாம் நாள் அதில் நடந்து போகக் கூடாது. ஆனால் இரண்டாம் மேசை இன்னும் மூன்றாம் நாளில் இருந்தால் தாராளமாக நடந்து போகலாம். ஒரு பெரிய கூட்டம் ஒரே உலகத்தைப் பகிர்ந்து ஆடிய காலத்தில், இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், காலக் கணக்கைக் கண்டிப்பாக வைக்காவிட்டால் தொடர் ஆட்டத்துக்கே பொருளில்லை என்று 1979இல் வந்த தமது டஞ்சன் மாஸ்டர் வழிகாட்டியில் பெரிய எழுத்துகளில் அச்சிட்டார். இரண்டு மேசைக்கும் பொதுவாக ஒரு நோட்டு வைத்து, ஒவ்வோர் அமர்வும் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிந்தது என்று எழுதும் பொறுமை இல்லாதவர் இந்த வழியில் இறங்கவே கூடாது. உங்கள் கடிதத்தில் வேலை நேரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே இது உங்களுக்குப் பொருந்தாது.

இனி அந்தக் கட்டண மேசைக்காரர். பிரியும் குழுக்களைத் தேடி அலையும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஒற்றுமையாக ஆடும் மேசையில் அவர்களுக்கு வருமானம் கிடையாது என்பதால், கருத்து வேறுபாடு முளைத்த இடத்திலேயே வந்து நிற்பார்கள். பல மாதங்களுக்கான இருக்கைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவார்கள். விளையாட்டுக் கடையில் நீங்களே பதிவு செய்யக்கூடிய மேசையைத் தம் பெயரில் பதிவு செய்து, விலையில் தம் பங்கைச் சேர்த்துக்கொள்வார்கள். விதிநூல் தொகுப்பு என்று சொல்லி, திருட்டுத்தனமாக நகலெடுத்த கோப்பை விற்பவர்களும் உண்டு. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டுவிட்டன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதை அந்த மூவருக்கும் சொல்லுங்கள். டிஎம் வராத நாளின் கட்டணம் திரும்புமா, மேசை வாடகை அதில் அடங்குமா, ஒருவர் விலகினால் மீதிப் பணம் என்னாகும் என்று அவர்கள் எழுத்தில் கேட்கட்டும். இந்தக் கேள்விகளுக்குக் குரல் பதிவில் மட்டும் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

கொடுத்த முன்பணத்தை, செலுத்திய ரசீதின் படத்தோடு தேதி குறித்துத் திரும்பக் கேட்கட்டும். அவர் இதைத் தொழிலாக நடத்துபவர் என்றால், பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே ஏற்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சில நூறு ரிங்கிட்டுக்காகப் படிவம் நிரப்பி, விசாரணை நாளுக்கு விடுப்பு எடுத்து அலைய எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதைத் தரகர்கள் நன்றாகவே அறிவார்கள். அதனால் மனுவை மூவரும் தயாராக நிரப்பி வைத்துக்கொண்டு, அதன் படத்தை அவருக்கு அனுப்பிய பிறகே அடுத்த பேச்சைத் தொடங்கட்டும்.