டாக்டரிடம் போய்வந்த பூனை: கேள்வி பதில்

ஒரு கால்நடை மருத்துவமனையில் 16 வருஷம் உதவியாளராக இருந்தேன். நான் டாக்டர் இல்லை. அதனால் எந்த மருந்து எத்தனை மில்லி என்று கேட்டால் சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிந்த பூனையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, அது தலையைத் தூக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என் வேலை. வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பது அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆரம்பிக்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்கு வாங்கி வைத்திருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். கால் மாத்திரையும் வேண்டாம், குழந்தைகள் சிரப்பும் வேண்டாம். இனிக் கேளுங்கள்.

கடலூரிலிருந்து: நாளைக் காலை கருத்தடை ஆபரேஷன். வெறும் பால் மட்டும் கொடுத்துக் கூட்டிப்போகலாமா?

கூடாது. பாலும் சாப்பாடுதான். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வளர்ந்த பூனை என்றால் ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். சின்னக் குட்டிக்கு அவ்வளவு நேரம் பட்டினி ஆகாது, எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி வெளியே விடாதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது மீன் தலை போட்டால் உங்களுக்குத் தெரியாது.

திருச்சியிலிருந்து: ஸ்கூட்டரில் கட்டைப்பையில் போட்டுத்தான் கொண்டுபோகிறோம். கூடை வாங்கியே ஆகணுமா அக்கா?

ஆகணும் தம்பி. மருத்துவமனை வாசலிலேயே பூனையைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். லாரி ஹாரன் அடித்தால் பூனைக்குப் பையும் தெரியாது, உங்கள் கையும் தெரியாது. மேல்பக்கம் திறக்கிற பிளாஸ்டிக் கூடையாகப் பார்த்து வாங்குங்கள். மிரண்ட பூனையை டாக்டர் இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருக்காது, மூடியைக் கழற்றி உள்ளே வைத்தே பார்த்துவிடலாம்.

வாங்கிய அன்றே அதில் அடைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே கூடத்தில் ஓரமாகத் திறந்து வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய புடவையையோ லுங்கியையோ துவைக்காமல் மடித்துப் போடுங்கள். அவித்த கோழித் துண்டை உள்ளே வைத்துக் கொடுங்கள். நாலாம் நாள் அதுவாகவே போய்ப் படுத்துக்கொள்ளும். கிளம்பும்போது மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள். அங்கே போனதும் கூடையைத் தரையில் வைக்காதீர்கள், நாயின் மூக்கு நேராக வந்து நிற்கும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் பகல் பயணம் வேண்டாம். பூனை வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் நாய் மாதிரி என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் காற்றோட்டமாக வைத்தும் சட்டென்று அடங்காவிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஆபரேஷன் முடிந்து மதியம் கொண்டுவந்தோம். கண் விழித்தபடியே இருக்கிறது, சிமிட்டவே இல்லை. தலை ஆடுகிறது, எழுந்தால் விழுகிறது. அம்மா அழுதுகொண்டிருக்கிறார்.

அம்மாவை முதலில் உட்காரச் சொல்லுங்கள். இது மயக்க மருந்து இறங்குகிற விதம். கீட்டமைன் போட்டால் பூனையின் கண் மூடாது. அதனால்தான் கண் காயாமல் இருக்க ஜெல் போட்டு அனுப்புவார்கள். தலை ஆடுவதும், பின்னங்கால் பின்னிக்கொள்வதும் சில மணி நேரம் இருக்கும்.

கட்டில், சோபா, மாடிப்படி எதுவும் இல்லாத சின்ன அறையில் தரையிலேயே படுக்கை போடுங்கள். நேர் மேலே ஃபேன் வேண்டாம், ஏசி வேண்டாம். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முதுகுப் பக்கம் வையுங்கள். சுட்டால் நகர்ந்துபோக அதற்குத் தெம்பு இருக்காது, ஆகவே உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். தடுமாறாமல் நிற்கிறவரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நின்ற பிறகு தண்ணீர், சாயங்காலம் வழக்கத்தில் கால் பங்கு சாப்பாடு.

இப்போது ஒன்று செய்யுங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கணும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்பணும். ஈறு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தாலோ, தையலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, இருட்டியும் தலையே தூக்காமல் கிடந்தாலோ போன் போட்டு, கூடையோடு கிளம்புங்கள். வலிக்குமே என்று பாராசிட்டமால் மட்டும் வேண்டாம்.

கோவையிலிருந்து: டாக்டரிடம் போய்வந்த மணியைப் பார்த்துக் கூடப்பிறந்த செல்லம் சீறுகிறாள். மூன்று வருஷம் ஒன்றாகப் படுத்தவர்கள்.

செல்லத்துக்கு மணி வாசனையால்தான் மணி. இப்போது அவன்மேல் ஸ்பிரிட், நாய்கள், பயம் எல்லாம் கலந்த வாசனை. ஓரிரு நாள் தனி அறையில் வையுங்கள். ஒரே துணியால் இருவர் கன்னத்தையும் மாற்றி மாற்றித் தடவுங்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டு வைத்துச் சாப்பாடு போடுங்கள். செல்லத்தைத் திட்டாதீர்கள், அவளும் பயந்துதான் சீறுகிறாள். அடுத்த முறை முடிந்தால் இருவரையும் சேர்த்தே கூட்டிப்போங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: தடுப்பூசி போட்ட இடத்திலை சின்னக் கட்டி ஒண்டு இருக்கு. பயப்படவேணுமோ?

இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாள் சோர்வும், பட்டாணி அளவு வீக்கமும் வரலாம், சில வாரத்தில் கரையும். 3 மாதம் தாண்டியும் இருந்தால், 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால், ஊசி போட்டு 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தால் காட்டுங்கள். முகம் வீங்குவது, மூச்சுத் திணறுவது என்றால் அன்றே, அந்த நிமிஷமே.

ஈரோட்டிலிருந்து: தையலில் மஞ்சள் வைக்கச் சொல்கிறார் மாமியார். எங்கள் ஊர் மஞ்சளைவிட நல்ல மருந்து உண்டா?

பூனைத் தையலில் வைக்காதீர்கள்.

மீண்டும் ஈரோட்டிலிருந்து: ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலைமுறையாக வைத்து ஆறியிருக்கிறதே?

நாகர்கோவிலிலிருந்து: மஞ்சள் புண் ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995-ல் பேட்டன்டே கொடுத்தார்கள். நம் விஞ்ஞானிகள் போராடி 1997-ல் ரத்து செய்ய வைத்தார்கள். நீங்கள் இப்படிச் சொல்லலாமா?

அந்த வழக்கு எனக்கும் பெருமைதான். நம் பாட்டிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்று நிரூபித்ததால் அது ரத்தானது. பூனையின் வயிற்றுத் தையலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மஞ்சளின் குணத்தில் எனக்குச் சண்டை இல்லை. பூனையின் நாக்கைப் பாருங்கள். உள்நோக்கி வளைந்த முள் முள்ளாக, உப்புத்தாள் மாதிரி இருக்கும். மேலே எதைத் தடவினாலும் நக்கும், நக்கும்போது தையல் நூலும் சேர்ந்து வரும். சமையல் டப்பாவில் கரண்டி போட்டு எடுத்த தூளில் கிருமி இல்லை என்று யார் சொன்னது? எல்லாவற்றையும்விட, மஞ்சள் நிறம் சிவப்பை மறைத்துவிடும். நாம் தினமும் தேடுவதே அந்தச் சிவப்பைத்தான்.

ஐந்தாம் நாள் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் மஞ்சள் பத்து, அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான சலைனில் பஞ்சை நனைத்து நனைத்து, முடியோடு பிய்யாமல் எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அடியில் சீழ். மூன்று தையல் போயிருந்தது. தடவிய அம்மா அந்தப் பூனையைக் குழந்தையாக வளர்த்தவர், பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அன்பில்லாமல் யாரும் மஞ்சள் வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நாமக்கல்லிலிருந்து: அப்போ வேப்பெண்ணெய்?

அதுவும் நாக்கு வழியாக உள்ளேதான் போகும். வேண்டாம். நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட கூம்பைக் கழற்றாமல் 10 முதல் 14 நாள் வைத்திருங்கள். தையலை நனைக்காதீர்கள். காலையும் மாலையும் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விவாதம் இத்தோடு போதும், கேள்விகள் குவிகின்றன.

சேலத்திலிருந்து: மாத்திரை கொடுத்ததும் வாயில் நுரை நுரையாகக் கொட்டுகிறது. விஷமா?

பெரும்பாலும் கசப்புதான். நாக்கில் மாத்திரை கரைந்தால் பூனைக்கு எச்சில் அப்படித்தான் ஊறும், சில நிமிஷத்தில் நிற்கும். நிற்காமல் வாந்தி, நடுக்கம் என்று போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை மாத்திரையாக எழுதியிருந்தால் வெறுமனே விழுங்க வைக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குங்கள்.

வேலூர், தாம்பரம், விருதுநகர், மூன்று இடத்திலிருந்தும்: ஆபரேஷன் முடிந்து சாப்பிடவில்லை.

முதல் ராத்திரி சாப்பிடாதது சரி. வீட்டுக்கு வந்து 24 மணி நேரம் ஆகியும் வாய் வைக்கவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள். குண்டுப் பூனை என்றால் இன்னும் அவசரம். சில நாள் பட்டினியிலேயே உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் நிரம்பிவிடும். மீனைச் சூடாக்கி வையுங்கள், வாசனை ஏறினால் வரும்.

பெயர் சொல்லாதவர்: உடம்பு கொதிக்கிறது. குரோசின் எத்தனை சொட்டு?

ஒரு சொட்டும் இல்லை. குரோசினும் பாராசிட்டமால்தான். அதை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் பழுப்பாகி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். நல்ல உடம்போடு இருக்கும் பூனையே நம்மைவிடச் சூடு, 38 முதல் 39 டிகிரி. கை வைத்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரம்தான் முக்கியம்.

திண்டுக்கல்லிலிருந்து: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது.

அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகும். தொடாதீர்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து: பூனை இருக்கும் அறையைப் பினாயில் போட்டுத் துடைக்கிறேன். நல்லதுதானே?

இல்லை. பினாயில் ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

மதுரையிலிருந்து: ஆண் பூனை, காலையிலிருந்து மணல் தட்டில் போய்ப்போய் உட்கார்ந்து முக்குகிறான். மலச்சிக்கலா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

எதுவும் கொடுக்காதீர்கள். தட்டில் மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மீண்டும் மதுரையிலிருந்து: நனையவே இல்லை. கத்துகிறான்.

சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். காலைவரை காத்திருக்கக் கூடாது. பொட்டாசியம் என்ற உப்பு ரத்தத்தில் ஏறி இதயமே நிற்கும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று போன் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். "காலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

மற்றவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து, இரண்டரை மணி நேரம் கழித்து: டியூப் போட்டுவிட்டார்கள் அக்கா. சிறுநீர் ரத்தமாக வந்தது. நாளைவரை அங்கேயே இருப்பான்.

ரத்தம் கலந்து வருவது இந்த நிலையில் வழக்கம்தான். டியூப் எடுத்து வீட்டுக்கு வந்த முதல் ஒரு வாரம் மறுபடி அடைக்க வாய்ப்பு அதிகம். தட்டில் மண்ணை மெல்லியதாகப் பரப்புங்கள், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நனைந்தது என்று தெரியணும். உலர் தீனி வேண்டாம், டாக்டர் சொல்லும் ஈர உணவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுங்கள். வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். ராத்திரி ஒரு முறை எழுந்து தட்டைப் பாருங்கள்.