வயதாகிவிட்டதால் புதிய வீடியோ கேம்கள் பிடிபடவில்லை என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா?

தோன்றியதுண்டாவா? கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. எனக்கு 47 வயது.

சில மாதங்களுக்கு முன் மகளோடு உட்கார்ந்து ஒரு கேம் ஆடினேன். அவளுக்குப் பதின்மூன்று. இருவர் சேர்ந்து ஆடுவது. திரை நடுவில் இரண்டாகப் பிரிந்து, இடப்பக்கம் அவள், வலப்பக்கம் நான். ஐந்து நிமிடத்தில் அவள் பாலத்தைக் கடந்து, கதவைத் திறந்து, அக்கரையில் எனக்காகக் காத்திருந்தாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஏன் தரையையே பாக்கறீங்க?"

வலது கட்டைவிரல் தெரியாமல் அழுந்தி, கேமரா கீழே கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினேன், வானம் வந்தது. இறக்கினேன், மறுபடி புல். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் புல் அபாரம். ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் காற்றில் ஆடியது.

நான் விளையாடப் பழகிய காலத்தில் "எங்கே பார்ப்பது" என்ற கேள்வியே கிடையாது. நான்கு திசை, இரண்டு பட்டன், அப்புறம் ஸ்டார்ட், செலக்ட். பார்க்க வேண்டியதெல்லாம் திரையிலேயே இருக்கும். இன்றைக்குக் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு குச்சிகள்: இடது ஸ்டிக் கால், வலது ஸ்டிக் கழுத்து. நடந்துகொண்டே தலையைத் திருப்ப வேண்டும். நிஜத்தில் யோசிக்காமல் செய்வதைக் கட்டைவிரலால் செய்யச் சொன்னால் நான் சுவரில் முட்டுகிறேன். போதாக்குறைக்கு அந்த ஸ்டிக்கையே உள்ளே அழுத்தினால் அதுவும் ஒரு பட்டனாம்! ஓடுவதற்கு அதைத்தான் அழுத்த வேண்டும் என்பது தெரியாமல் ஒரு கேமில் பாதி தூரம் நடந்தே போயிருக்கிறேன்.

ஆனால் இந்தத் தடுமாற்றம் வயசாளிகளுக்கு மட்டும் உரியதல்ல. 2000-இல் பிளேஸ்டேஷனில் ஏலியன் ரிசரெக்‌ஷன் என்ற கேம் வந்தது. இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை, அதாவது இன்று எல்லோரும் ஆடும் அதே அமைப்பு. அப்போது அதை விமர்சித்த ஒருவர், கேமிலேயே மிகவும் பயங்கரமான விஷயம் இந்தக் கன்ட்ரோல்தான் என்று எழுதினார். கேம் ஆடுவதையே வேலையாகக் கொண்டவர் அவர். அடுத்த வருடம் ஹேலோ என்ற கேம் வந்து அந்த அமைப்பு பரவியது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆக, இது யாருக்கும் பிறவியிலேயே வரவில்லை, பழகித்தான் வந்தது. மற்றவர்கள் பழகிய வருடங்களில் நான் வேறு எங்கோ இருந்தேன்.

கை வேகம் குறையவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வயது 16 முதல் 44 வரை. ஒன்றைப் பார்த்து அதற்குச் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறதாம். 24! அந்தக் கணக்கில் நான் 23 வருடமாக இறங்குமுகம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: வயது கூடியவர்கள் குறைந்த அசைவில் காரியத்தை முடிக்கும் வழிகளைப் பிடித்துக்கொண்டு அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். எனவே விரல் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான சிக்கல் இடைவெளி என்றுதான் நினைக்கிறேன். வேலை, கல்யாணம், குழந்தை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் விட்டுவிட்டேன். அதற்குள் கேம்கள் ஒரு மொழியை வளர்த்துக்கொண்டன. பாறை விளிம்பில் மஞ்சள் பெயின்ட் இருந்தால் அதில் ஏறலாம். ஒரு பெரிய வெற்று மைதானமும் மூலையில் நிறைய மருந்துப் பெட்டியும் இருந்தால், ராட்சசன் ஒருவன் வரப்போகிறான். மகளுக்கு இவை கேள்வியே இல்லை. நான் மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்து, யாரோ ரசனையில்லாமல் பூசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சுற்றிவந்தேன்.

இதை உறுதிப்படுத்த ஒரு நாள் அவளிடம் 1985-இல் வந்த சூப்பர் மேரியோவைக் கொடுத்தேன். கொஞ்சம் பழிவாங்கும் எண்ணமும் இருந்தது, மறைப்பானேன். முதல் எதிரியான கூம்பா தானாக நடந்து வந்து மோதியது, ஒரு லைஃப் போயிற்று. அடுத்த முறை தாண்டினாள். எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லாமல் "குதி" என்று சொல்லிக்கொடுக்கும் அந்த இடம் இன்றும் எனக்கு ஆச்சரியம். பிறகு மேலே ஒரு நாணயத்தை விட்டுவிட்டு வந்ததாக நினைத்துத் திரும்பினாள். திரை நகரவில்லை. இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். "ஏன்பா பின்னாடி போக முடியல?" அந்த கேமில் பின்னால் போக முடியாது. எனக்கு அது ஒரு விதியாகவே தோன்றியதில்லை, தண்ணீர் கீழ்நோக்கி ஓடுகிற மாதிரி. அவளோ அதைக் கோளாறு என்றே முடிவு செய்துவிட்டாள். லைஃப் எல்லாம் தீர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தபோது, "சேவ் ஆகலையா?" என்று கேட்ட முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த மேரியோ கேம் மொத்தமே சுமார் 40 கேபி. கைதேர்ந்தவர்கள் குறுக்கு வழிகளில் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சின்ன சரக்கை மாதக்கணக்கில் ஓட்டியாக வேண்டும் என்பதால்தான் பல பழைய கேம்கள் நம்மைக் கொன்று கொன்று திருப்பி அனுப்பின. கான்ட்ரா என்ற பழைய கேமில் மேல் மேல் கீழ் கீழ் என்று ஆரம்பிக்கும் அந்த ரகசிய வரிசையைப் போட்டு 30 லைஃப் வாங்காமல் நான் கடைசி வரை போனதே இல்லை. இப்போது வீராப்பு பேசி என்ன பயன்?

எனக்கு நிஜமாகவே ஒட்டாதது வேறொன்று: முடியாத கேம்கள். ஒரு கேமை ஆசையாக இறக்கினேன். முதல் நாளே 40 ஜிபி அப்டேட். மேரியோவைப் போல பத்து லட்சம் மடங்கு, அதுவும் திருத்தம் மட்டும். மறுநாள் திறந்தால் தினசரிப் பணிகள், வாராந்தரப் பணிகள், இந்த சீசன் முடிய இத்தனை நாள் என்று ஒரு கடிகாரம், பாஸ் வாங்கினால் கிடைக்கும் சட்டைகளின் வரிசை. இரண்டு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தேன். "நீங்கள் தவறவிட்டவை" என்று ஒரு பட்டியல் காட்டியது. எனக்கு ஏற்கெனவே ஒரு மேலாளர் இருக்கிறார். அன்றைக்கே நீக்கிவிட்டேன். இது வயதான கோபமில்லை என்று நம்புகிறேன். முப்பது வயதில் இதைக் காட்டியிருந்தாலும் நீக்கித்தான் இருப்பேன்.

சரி, நீங்கள் இப்போது ஆட நினைத்தால்? எனக்கு உதவியவற்றை மட்டும் சொல்கிறேன். கேமரா திரும்பும் வேகத்தை செட்டிங்ஸில் பாதியாகக் குறையுங்கள், புல் தரிசனம் வெகுவாகக் குறையும். பழைய விமானக் கேம்கள் ஆடியவர் என்றால் மேல்-கீழைத் தலைகீழாக்கும் ஆப்ஷனையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், எனக்கு அதில்தான் கை நின்றது. ஃபோர்ட்நைட்டில் சுட்டுக்கொண்டே சுவர் எழுப்பும் பிள்ளைகளைக் கண்டு ஓடியிருந்தால், 2022-இலிருந்து கட்டுமானமே இல்லாத ஆட்டமுறை அதில் இருக்கிறது. வாம்பயர் சர்வைவர்ஸில் நகர்ந்தால் போதும், ஆயுதங்கள் தாமாகவே சுடும். வேலை முடிந்து களைத்துப் போன மூளைக்கு அது சரியான அளவு. செலஸ்ட் என்ற கேமில் ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் பயன்படுத்துவது ஏமாற்று என்று இணையத்தில் சிலர் சண்டை பிடிப்பார்கள். கான்ட்ராவில் 30 லைஃப் போட்டவனுக்கு அந்த வெட்கம் ஏது?

இப்போது நான் ஆடிக்கொண்டிருப்பது ஹேடிஸ். அதில் காட் மோட் என்று ஒன்று உண்டு. போட்டவுடன் நமக்குப் படும் அடியில் 20% குறையும், அப்புறம் ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2% குறையும், 80% வரைக்கும். அந்த எண் திரையில் தெரியும். மகள் படிப்பை முடித்துவிட்டு வந்து, நான் எப்படி ஆடினேன் என்று கேட்பதில்லை. எட்டி அந்த எண்ணைப் பார்ப்பாள், அவளே கழித்து வகுத்துக்கொள்வாள்.

நேற்று 66 இருந்தது. "இருபத்து மூணு தடவையா!" என்றாள்.