1967 அணி: கேளுங்கள், சொல்கிறேன்

1967 தேர்தலில் காங்கிரஸை வீழ்த்த அண்ணா சேர்த்த அணியைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் என் படிப்புக்கு உட்பட்டவற்றுக்குப் பதில் இதோ.

மாலதி: ராஜாஜியும் மார்க்சிஸ்டுகளும் எப்படி ஒரே அணியில் இருக்க முடிந்தது?

மார்க்சிஸ்டுகளை விடுங்கள், ராஜாஜியும் அண்ணாவும் சேர்ந்ததே பெரிய சங்கதி. 1938 இந்தி எதிர்ப்பில் அண்ணாவைச் சிறைக்கு அனுப்பியது ராஜாஜியின் அரசு. 1953இல் அவருடைய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கி எதிர்த்தது திமுக. கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று 1952இல் முதல்வராக இருந்தபோது அறிவித்தவரும் அவரேதான். அப்படிப்பட்டவர் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பிறகு காங்கிரஸை எதிர்ப்பதே முதல் வேலை என்று முடிவு செய்தார். 1965 வாக்கில் இந்தித் திணிப்பையும் எதிர்த்துப் பேசினார். இங்கே யாரும் யாருடைய கொள்கையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. தொகுதியைப் பிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். முஸ்லிம் லீக், பிரஜா சோஷலிஸ்ட், சம்யுக்த சோஷலிஸ்ட், ம.பொ.சி., ஆதித்தனார் எல்லோரும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தவர்கள்தான்.

நடைமுறையில் அது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒன்றாகத் தேர்தல். எங்கள் ஊரில் சட்டமன்றத்துக்கு உதயசூரியன், நாடாளுமன்றத்துக்கு சுதந்திராவின் நட்சத்திரம். எனக்குப் பதினோரு வயது. திமுக அண்ணன்கள் தகர டப்பாவைப் பிரித்து நட்சத்திரம் வெட்டி, அதைச் சுவரில் வைத்து நீலத்தைப் பூசுவார்கள். வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ராத்திரியில் திண்ணை திண்ணையாகப் போய், "ரெண்டு சீட்டு தருவாங்க பாட்டி, ஒண்ணுல சூரியன், இன்னொண்ணுல நட்சத்திரம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். கூட்டணி என்பதை நான் முதலில் பார்த்தது அந்தத் திண்ணையில்தான்.

அன்வர்: அந்தக் கூட்டணி ஆட்சியில் யாருக்கு என்ன இலாகா கிடைத்தது?

கூட்டணி ஆட்சியே நடக்கவில்லை. 234 இடங்களில் திமுக மட்டும் 137 வென்றது. மார்ச் 6 அன்று அண்ணா பதவியேற்றார், அமைச்சர்கள் முழுக்க திமுக. தொகுதி உடன்பாடு வேறு, கூட்டணி ஆட்சி வேறு. தயவுசெய்து குழப்பாதீர்கள். அதே ஆண்டு பீகாரில் ஜனசங்கமும் இந்திய கம்யூனிஸ்டுகளும் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள், ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

சிவா: ரூபாய்க்கு மூன்று படி அரிசி போட்டார்களா?

"மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார்கள். வென்ற பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படி தொடங்கினார்கள்.

தமிழ்ச்செல்வன்: கூட்டணி இல்லாமலே திமுக வென்றிருக்கும். இந்தி எதிர்ப்பும் அரிசிப் பஞ்சமும் அடித்த அலை அது. உடன்பாட்டைப் பெரிதுபடுத்துகிறீர்கள்.

அலை இருந்தது, மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேகாத நாள் அந்த வருஷம் குறைவு. ஆனால் கணக்கைப் பாருங்கள். காங்கிரஸ் வாங்கிய வாக்கு 41 சதவீதத்துக்குச் சற்று மேல், திமுக அதைவிடக் கொஞ்சம் குறைவு. இடங்களோ 51க்கு 137. 1962இல் காங்கிரஸ் 46 சதவீதம் வாங்கி 206இல் 139 இடங்களைப் பிடித்தபோது, எதிர்வாக்கு மூன்று நான்கு பக்கமாகச் சிதறிக் கிடந்தது. விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்கில். அங்கே சுதந்திரா தனியாக ஒருவரை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசியுங்கள்.

தமிழ்ச்செல்வன்: 1962இல் திமுக வாங்கியது 27 சதவீதம். 13 சதவீதம் கூடியது அலையால்தானே?

அதில் தோழமைக் கட்சிக்காரர்கள் சூரியனுக்குப் போட்ட வாக்கும் இருக்கிறது. திமுக நின்றதே 174 இடங்களில்தான். இன்னும் ஒரு சான்று தருகிறேன். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தது. அணிக்குள் வந்த மார்க்சிஸ்டுகளுக்கு 11 இடம், வெளியே நின்ற இந்திய கம்யூனிஸ்டுகளுக்கு 2. ஒரே மண், ஒரே அரிசிப் பஞ்சம், ஒரே அலை.

ரேவதி: அரிசி வாக்குறுதி நிறைவேறியதா?

மேலே சிவாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

குமரன்: மூன்று படி கொடுத்தார்களா இல்லையா?

இது மூன்றாவது முறை. முதலில் மேலே வாசித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

ஜோசப்: பெரியார் எந்தப் பக்கம்?

காமராஜர் பக்கம். வென்றதும் அண்ணா திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார்.

பிரியா: இப்போதைய எதிர்க்கட்சி அணி தேறுமா?

நான் படித்தது 1947 முதல் 1977 வரை. இன்றைய களத்தைத் தினமும் பார்க்கும் செய்தியாளர்களைக் கேளுங்கள்.

தமிழ்ச்செல்வன்: கடைசியாக ஒன்று. மார்க்சிஸ்டுகளின் 11 அவர்களுடைய சொந்த பலமாகவும் இருக்கலாமே?

1971 முடிவை எடுத்துப் பாருங்கள். அதற்குள் காங்கிரஸ் காமராஜர் பக்கம், இந்திரா பக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ராஜாஜி காமராஜரோடு போய்ச் சேர்ந்தார், திமுக இந்திராவின் காங்கிரஸோடு சேர்ந்து 184 இடம் வென்றது. மார்க்சிஸ்டுகள் அணிக்கு வெளியே நின்றார்கள். சட்டமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடம்கூட இல்லை.