சபையில் யாராவது என் தவறைச் சொன்னால் வாய் 'சரி' என்கிறது, உள்ளே கொதிக்கிறது. ஒரு விசுவாசி இதைத் தாழ்மையோடு ஏற்பது எப்படி?

எனக்கும் கொதிக்கும். அதனால் அறிவுரையாக எதுவும் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில், ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்த ஊர். எங்கள் தமிழ்ச் சபையில் பாதிப் பேர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, பிறகு தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்கள். போதகர் வேறு சபைக்குப் போகும் ஞாயிறுகளில் பிரசங்கம் என் தலையில் விழும். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடிக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, குடியைப் பற்றிப் பேசினேன். உதாரணம் வேண்டுமே என்று, சம்பள நாளில் மகளின் பள்ளிக்கூடக் காசையும் எடுத்துக்கொண்டு போன ஒரு தகப்பனின் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. நன்றாகவே எடுபட்டது, இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தத் தகப்பன் கோயிலுக்கு வருவதில்லை. அவர் மனைவி வருவார். அன்றைக்கும் மூன்றாவது பெஞ்சில் இருந்தார்.

ஆராதனை முடிந்து பின்பக்கம் எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தோம். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: "தம்பி, இன்னிக்கு கத்தி ஆழமா போயிருச்சு. மரத்துல காயம்."

"நான் பேரு சொல்லலையே பாட்டி."

"பேரு எதுக்கு? எந்த மரத்துல பால் வடியுதுன்னு ஊருக்கே தெரியுமே."

முப்பது வருஷம் பால்மரம் சீவியவர் அவர். சீவாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் இருப்பது பட்டையில்தான், அதிலும் கட்டையை ஒட்டிய உள்பட்டையில்தான் அதிகம். ஆழமாகச் சீவினால் பால் கூட வரும். ஆனால் கட்டைமேல் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதையும் தாண்டிக் கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் காயம். அன்றைக்கு வாளி நிறையும், கெட்டிக்காரப் பெயரும் கிடைக்கும். ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல வருஷம் கழித்து அதே பக்கத்தைச் சீவ வருகிறவனுக்குக் கத்தி ஓடாது. என் பிரசங்கத்தில் துடைக்கப்பட்ட கண்கள்தான் அன்றைக்கு நிறைந்த வாளி என்று பாட்டி சொல்லாமல் சொல்லிவிட்டார்.

எனக்கு உறைத்ததா? இல்லை. இரண்டு வாரம் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் எனக்குப் பிரசங்கம் கற்றுத்தருவதா என்ற நினைப்பும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. எனக்குக் கிடைத்த பெரிய வக்கீல் நாத்தான் தீர்க்கதரிசி. அவரும் ஏழையின் ஆட்டுக்குட்டி என்று ஒரு கதை சொல்லித்தானே, பிறன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவைப் பிடித்தார்? அதை உறுதிப்படுத்திக்கொள்ள 2 சாமுவேல் 12-ஐத் திறந்தேன். அங்கேயே மாட்டிக்கொண்டேன். நாத்தான் தாவீதின் கதையைத் தாவீதிடமே போய்ச் சொன்னார். நான் ஒருவரின் கதையை அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

அந்த மூன்றாவது பெஞ்சு அக்கா வீட்டுக்குப் போனேன். தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, போட்டுக் கொடுத்தார். பக்கத்து அறையில் மகள் இருந்தாள், வெளியே வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேசுனது எல்லார் முன்னாடியும்தானே பிரதர்? மன்னிப்பு மட்டும் எதுக்கு வீட்டுக்குள்ள?" என்றார்.

பாட்டி சொன்னதைவிட இது வலித்தது. இறங்கி வந்ததே பெரிது என்று நினைத்துப் போனவன் நான்.

திரும்பி வரும்போது சவுல் ராஜாதான் ஞாபகத்துக்கு வந்தார். கர்த்தரின் கட்டளையை மீறியதற்காகச் சாமுவேல் தீர்க்கதரிசி கடிந்துகொண்டபோது அவரும் "நான் பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னார். ஆனால் ஜனங்களுக்குப் பயந்து செய்தேன் என்று ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டார். மறுபடி சொன்னபோது, மூப்பர்கள் முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்டுக்கொண்டார். 1 சாமுவேல் 15-இல் இருக்கிறது. தப்பு என்னுடையதுதான், மரியாதை மட்டும் போகக் கூடாது. நான் தே ஓ குடித்துக்கொண்டு கேட்ட மன்னிப்பும் இதே ரகம். தாவீது சொன்னது ஒரே வரி, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்." அதோடு 'ஆனால்' எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பிற்பாடு பத்சேபாளிடம் அவருக்குப் பிறந்த மகன்களில் ஒருவனுக்கு நாத்தான் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று வேதம் சொல்லவில்லை. தன்னைக் கண்டித்தவரின் பெயரைச் சொல்லி வீட்டில் தினமும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

அதற்காக யார் எதைச் சொன்னாலும் விழுங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. யோபுவைத் திருத்த வந்த சிநேகிதர்கள் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கடைசியில் சொல்கிறார். சில சபைகளில் கேள்வி கேட்கிறவர் வாயை மூடவே 'தாழ்மை' என்ற வார்த்தையை எடுப்பார்கள், அது வேறு சங்கதி. சொன்னது உண்மையா என்று பார்க்க வேண்டும். சொன்னவர் யார் என்று பார்ப்பதில்தான் நான் இரண்டு வாரத்தைத் தொலைத்தேன்.

உங்களுக்கு உள்ளே கொதிப்பதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். கொதிப்பு அடங்கும் என்று காத்திருந்தால் நான் அக்கா வீட்டுப் படியேறியிருக்கவே மாட்டேன். கொதித்துக்கொண்டேதான் போனேன்.

அடுத்த ஞாயிறு போதகரிடம் கேட்டுக்கொண்டு, அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். போன தடவை நான் சொன்ன கதை எனக்குச் சொந்தமில்லாதது, அதைச் சொன்னது தப்பு, மன்னியுங்கள் என்றேன். மூன்றாவது பெஞ்சைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்தபோது முதுகெல்லாம் வேர்வை.

வெளியே பாட்டி பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு கதை சொன்னப்ப கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு முன்னாடி உக்காந்திருந்த எனக்கே கேக்கல. அடுத்த வாரம் இன்னொரு தடவை சொல்லு தம்பி."

சொன்னேன்.