தங்கை பிளஸ் டூவில் உயிரியல் 88, இயற்பியல் 74, வேதியியல் 81 எடுத்திருக்கிறாள். நீட் எழுதவில்லை. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர என்ன செய்ய வேண்டும்?

நீட் எழுதாததால் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு நர்சிங் இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. நீட் மதிப்பெண் கேட்பது புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்றவைதான். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கும் தனி விண்ணப்பம். இவை எதுவும் மாநிலக் கலந்தாய்வோடு சேராதவை.

முதலில் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கு எடுக்கும் மதிப்பெண். மொத்தம் 200. உயிரியல் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்பட்டு 50, 50. உங்கள் தங்கைக்கு 88 + 37 + 40.5 = 165.5. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டின் சராசரியை உயிரியல் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம் ரேங்க்கில் சேராது. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேராது. ஆனால் ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம். மூன்று அறிவியல் பாடங்களையும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு, ஆன்லைனில். பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி அறிவிப்பு வரும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: நர்சிங்குக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. "துணை மருத்துவப் பட்டப்படிப்புகள்" என்று ஒரே விண்ணப்பம். அதிலேயே பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி, டயாலிசிஸ், மயக்கவியல் டெக்னாலஜி எல்லாம் அடங்கும். தரவரிசையும் ஒன்றுதான். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதைத் விருப்பப் பட்டியல் நிரப்பும் கட்டத்தில்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் தவறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி, சிவகங்கை என்று அரசு நர்சிங் கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். அரசு இடங்கள் மிகக் குறைவு, அவை சீக்கிரம் போய்விடும். பட்டியலில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். தனியார் கல்லூரிகளும் அரசுக்கு இடம் தருகின்றன: சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம், மற்றவை 65 சதவீதம். இந்த இடங்களுக்கு அரசு நியமித்த குழு நிர்ணயித்த கட்டணம்தான். ஆகவே பட்டியலை நீளமாகப் போடுங்கள். ஆனால் சேர விருப்பமே இல்லாத படிப்பை "சும்மா இருக்கட்டும்" என்று மேலே போடாதீர்கள். கணினி பட்டியலை மேலிருந்து பார்த்து, ரேங்க்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். நர்சிங்தான் வேண்டுமென்றால் எல்லா நர்சிங் கல்லூரிகளும் முதலில், மற்ற படிப்புகள் அப்புறம். ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகு கட்டணம் கட்டவும் சேரவும் சில நாட்களே தருவார்கள். தவறினால் என்ன ஆகும், அடுத்த சுற்றில் மாறலாமா என்பதெல்லாம் அந்தந்த ஆண்டுத் தகவல் தொகுப்பேட்டில் இருக்கும். அதை ஒரு வரி விடாமல் படியுங்கள். போன வருடம் சேர்ந்தவர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

அடுத்தது சான்றிதழ்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், நேட்டிவிட்டி, ஆதார், தேவையானால் வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும். சாதி, நேட்டிவிட்டி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கோப்பு நகர நாட்கள் ஆகும். முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் இன்னும் தாமதமாகும். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் ஒரு சான்றில் "முருகன்", இன்னொன்றில் "முருகேசன்" என்று இருந்தால் சரிபார்ப்பில் நிற்கும். சாதிச் சான்று சரியாக இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். 69 சதவீத இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் அது பெரிய இழப்பு. ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் என்றால் சேர்க்கையில் பி.சி.யாகவே கணக்கிடுவார்கள். எஸ்.சி. என்று பதிவிட்டுவிட்டுப் பிறகு தவிக்கக் கூடாது.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது. நிர்வாக ஒதுக்கீட்டில் (கல்லூரியே நிரப்பும் இடங்களில்) சேர்ந்தாலும் கிடைக்காது. இதோடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். கல்லூரி வழியாகப் பதிவு செய்ய வேண்டும், தானாக வராது.

நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ வெளிமாநிலத்துக்கோ போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு (நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தவிர), தமிழ்நாடு செவிலியர் கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில் ஆகிய மூன்று பட்டியலிலும் அந்தக் கல்விஆண்டுக்கு அதன் பெயர் இருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பிறகு அவர்களின் சொந்த மருத்துவமனையை நேரில் போய்ப் பாருங்கள். 100 படுக்கையாவது இருக்க வேண்டும், அந்தப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும். நர்சிங் வார்டில் கற்கும் தொழில். காலியான வார்டில் நான்கு வருடம் கழித்தவருக்கு ஊசி போடவே கை நடுங்கும்.

பெங்களூருப் பக்கம் "வகுப்புக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். வெளிமாநிலத்தில் படித்தவர் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பிறகே தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும். அப்போது பயிற்சி விவரங்களைக் கேட்பார்கள். அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்டிடமும் கொடுக்க வேண்டாம். கல்லூரி வாங்கினால் தேதியிட்ட ரசீது கேளுங்கள்.

165.5-க்கு இடம் வருமா என்பது சமூகப் பிரிவையும் அந்த ஆண்டுப் போட்டியையும் பொறுத்தது. தேர்வுக் குழுவின் தளத்தில் முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டு விவரங்கள் கிடைத்தால் உங்கள் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணைக் கல்லூரிவாரியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் போட அதைவிட நல்ல உதவி இல்லை. பி.எஸ்சி. அமையாவிட்டால் மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு பராமரிப்பு) டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்து இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்தால் பட்டம் வந்துவிடும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய இரண்டு வேலைகள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் இப்போதே தொடங்குங்கள். 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று தவணை. வார்டுக்குள் போகும் முன் முடிந்திருந்தால் நல்லது. தமிழ் வழியில் படித்தவள் என்றால் உடலமைப்பியல், உடலியங்கியல் சொற்களை ஆங்கிலத்தில் பழகட்டும். முதல் செமஸ்டரிலேயே அந்த இரண்டு பாடங்களும் வரும். பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைத் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் படித்தாலே பாதி பயம் போய்விடும்.