நெத்திலி கிடைக்காத பென்குயின்

கேள்வி: டிவியில் பார்த்தால் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஆனால் அழிகிறது, அழிகிறது என்கிறார்கள். காட்டு விலங்குகள் நிஜமாகவே அழிகின்றனவா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா? அப்படியே அழிந்தாலும் கடலில் வலை போட்டுப் பிழைக்கிற எனக்கு அதில் என்ன?
- வாசகர், தொண்டி

பதில்: கூட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தை மாசம் தனுஷ்கோடிப் பக்கம் போனால் பூநாரையும்தான் ஆயிரக்கணக்கில் நிற்கிறது. கூட்டமாக வாழ்கிற உயிர், பாதிக்குப் பாதி செத்துப் போனாலும் மிச்சம் இருப்பது கூட்டமாகத்தான் நிற்கும், கேமராவும் அந்த இடத்துக்குத்தான் போகும்.

எல்லாமே அழிகிறது என்று சொன்னால் அதுவும் தப்பு. பென்குயினில் 18 வகை உண்டு, அதில் ஜென்டூ என்கிற வகை பல இடங்களில் பெருகிக்கொண்டு வருகிறது. பனிக்கட்டி மேல் குஞ்சு வளர்க்கிற பேரரசப் பென்குயினுக்கு வேறு கதை: 2022-ல் அண்டார்டிகாவின் ஒரு பகுதியில் கடல்பனி சீக்கிரமே உடைந்துபோக, தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்காத குஞ்சுகள், ஐந்து குடியிருப்புகளில் நான்கில், ஒன்றுகூடத் தேறவில்லை.

நீங்கள் மீன்காரர் என்பதால் ஆப்பிரிக்கப் பென்குயினைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா, நமீபியா கரையில் மட்டும் இருக்கிற வகை. முதலில் அதன் முட்டையை எடுத்துத் தின்றார்கள். அப்புறம் காலங்காலமாகச் சேர்ந்து கிடந்த எச்சத்தை உரத்துக்கு வெட்டி எடுத்தார்கள், அதில் குழி பறித்துத்தான் அது முட்டையிடும், குழி போனதும் முட்டை வெயிலில் கிடந்தது. இப்போது பசி. அது தின்பது என்ன தெரியுமா? மத்தியும் நெத்திலியும்! வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு இறகு மொத்தமும் உதிர்ந்து புதுசு முளைக்கும், அந்த மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது, அதனால் முன்கூட்டியே தின்று கொழுத்திருக்க வேண்டும். மீன் கிடைக்காத வருஷம் மெலிந்த உடம்போடு கரையேறி, நின்ற இடத்திலேயே பட்டினியில் சாகிறது. இன்றைக்கு 10,000 ஜோடிக்கும் குறைவு. 2024 அக்டோபரில் அதை மிக ஆபத்தான நிலையில் இருக்கும் உயிர் என்று பட்டியலில் ஏற்றினார்கள். 2025 மார்ச்சில் மீன்பிடி நிறுவனங்களும் பறவைக்காக வழக்குப் போட்டவர்களும் பேசி ஒத்துக்கொண்டு, ஆறு குடியிருப்புகளைச் சுற்றி மத்திக்கும் நெத்திலிக்கும் சுருக்குமடி வலை போடுவதில்லை என்று நீதிமன்ற உத்தரவாகவே வாங்கினார்கள், பத்து வருஷத்துக்கு.

சரி, உங்களுக்கு என்ன? நம் ஆவுளியாவை நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் கடல்பசு என்பார்கள். பதின்மூன்று, பதினான்கு மாசம் சுமந்து ஒரே ஒரு குட்டி, அடுத்த குட்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம், சில சமயம் ஏழு வருஷம்கூட ஆகும். அதனால் வருஷாவருஷம் சில வலையில் பட்டுச் செத்தாலே ஈடுகட்டுவது கஷ்டம். ஒரு காலத்தில் கறிக்கு அடித்தோம், இன்றைக்குக் கறிக்கு அடிக்காவிட்டாலும் வலையில் மாட்டினால் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துப்போகிறது. அது மேய்கிற கடல்புல்லில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன, அந்தப் புல்லை இழுவைமடி வலை வேரோடு அரித்துக்கொண்டு வருகிறது. 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கென்று ஒதுக்கினார்கள். தொண்டி அதற்குத் தெற்கே இருக்கிறது. ஆவுளியாவுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

மண்டபம் கரையில் பல வருஷத்துக்கு முன்னால் செத்து ஒதுங்கிய ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தடித்த மேலுதடு முழுக்கக் குச்சி குச்சியாக முடி. வாயோரத்தில் பச்சை மாறாத புல் இரண்டு இழை. துடுப்பைத் தூக்கிப் பார்த்த ஒரு பெரியவர், அக்குளில் இருந்த முலைக்காம்பைக் காட்டி, "பால் குடுக்குற உசுருய்யா, குட்டி எங்கன கெடக்கோ" என்றார். அதற்கு மேல் அங்கே யாரும் பேசவில்லை.

உங்கள் வலையில் ஆவுளியா பட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டிருந்தால் எந்த மாசம், எத்தனை பாகம் ஆழத்தில், வலையை அறுத்து விட்டீர்களா, உயிரோடு போனதா என்று எழுதுங்கள். பெயர் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.