யாளியை விடு, நிழலை வரை

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா மேஸ்திரி. எனக்கு பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) படிக்க ஆசை, அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தில். நடிகர்கள் படத்தை அச்சு அசலாக வரைவேன். நான்கு படங்கள் இணைத்துள்ளேன். கட்டடக்கலை நுழைவுத் தேர்வான நாட்டாவுக்குச் சென்னை போய்ப் பயிற்சி எடுக்க வசதியில்லை. "சிவில் படி, அதுவும் வீடு கட்டுறதுதானே" என்கிறார் அப்பா. எனக்கு இடம் கிடைக்குமா?

பதில்: என் மகள் வயதுதான் உனக்கு, நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நாட்டா மதிப்பெண் 200, பிளஸ் டூ மதிப்பெண்ணை மாற்றி இன்னொரு 200, ஆக 400-க்குத்தான் தரவரிசை. சரிபாதி உன் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. ஓவியம் நன்றாக வருகிறது என்று இயற்பியலைக் கைவிட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். நாட்டாவிலும் வரைவதற்கு 80 மதிப்பெண்தான். மீதி 120 கணினியில் வரும் கேள்விகளுக்கு. அவை தமிழில் வராது, அதனால் ஆங்கிலக் கேள்வியை வேகமாகப் படித்துப் பழகு. திருச்சி என்.ஐ.டி. மீதும் கண் இருந்தால் ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள் வேறு எழுத வேண்டும். அதைத் தமிழிலேயே எழுதலாம்.

இப்போது உன் படங்கள். மூன்று நடிகர்களும் அழகாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவை ஃபோட்டோவைப் பார்த்து வரைந்தவை. தட்டையானதைத் தட்டையாக எடுத்து வைத்திருக்கிறாய். தேர்வில் ஒரு சூழலைச் சொல்லி, அதை மனத்தில் கட்டி வரையச் சொல்வார்கள். அங்கே மீசையின் மயிர் எண்ணிக்கை உதவாது. (நான் எழுதிய வருடம் ஒரு வேப்பமரத்துக்கு இலை இலையாகப் போட்டே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன்.)

அடுத்த முறை காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ஒன்று கவனி. நீ நின்றபடி பார்த்தால், பக்கத்தில் இருப்பவர் தலையும் பிளாட்பாரக் கடைசியில் இருப்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். கால்கள்தான் தூரம் போகப் போக மேலே ஏறும். கூரையின் விளிம்பு கீழே இறங்கி வரும், தண்டவாளம் மேலே ஏறி வரும், இரண்டும் அந்தக் கோட்டில்தான் போய்ச் சேரும். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து பார், கோடும் உன்னோடு உட்கார்ந்துவிடும். அப்பா டியூபில் தண்ணீர் விட்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டம் பார்ப்பாரே, அதே மட்டம்தான். அவர் சுவரில் குறிக்கிறார், நீ தாளில் குறிக்கிறாய். பயிற்சி வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் என்று பல வாரம் ஓட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

வேலூர்க் கோட்டைக்குப் போ. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் எல்லாரும் யாளியையும் குதிரையையும் வரைவார்கள். நீ அதை விடு. தூண்களுக்கு நடுவே தரையில் விழுகிற நிழலை வரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று ஊரே சொல்கிறது. அந்தக் கோயில் மதில் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் புரிய வேண்டுமென்றால் அடியில் ஒரு ஆளை நிறுத்தி வரைய வேண்டும். சோப்புக் கட்டி, தீப்பெட்டி, வெட்டிய அட்டை இவற்றை அடுக்கிப் பார்ப்பதும் படிப்புதான், முப்பரிமாணக் கேள்விக்கு 30 மதிப்பெண்.

அப்பாவிடம் சண்டை வேண்டாம். கட்டடம் விழாமல் நிற்க சிவில் கணக்கு வேண்டும். யார் எங்கே உட்காருவார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்பது பி.ஆர்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலைக்குப் போய், படிக்கு ஏன் 6 அங்குல உயரம், 10 அங்குல மிதி என்று கேள். ஐந்து வருடப் படிப்பு என்பதையும், மாடல் செய்ய, பிரின்ட் எடுக்க என்று கைச்செலவு ஓயாது என்பதையும் மறைக்காமல் சொல். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உனக்கு உண்டு. சான்றிதழை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வை.

இடம் கிடைக்குமா என்று கேட்டாய். அண்ணா பல்கலைக்குப் போட்டி கடுமை, உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் உன் நான்காவது படம், அந்தப் பாதியில் விட்ட தறிக்கொட்டகை, அதில் கூரைச் சந்து வழியே பாவு நூலின் மேல் வெயில் விழுகிறது. நடிகர்களை அனுப்ப வேண்டாம். அதை முடித்து அனுப்பு, தறியில் ஒரு ஆளை உட்கார வைத்து.